கேட்டலினா என்ற கப்பல் – கடிதம்

அன்புள்ள சார்,

பழைய பயணிகள் கப்பல்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் எஸ்.எஸ். கேட்டலினாவுக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருந்தீர்கள். ‘தீவு தனக்குத் தேவைப்பட்ட காலம் வரை வைத்திருந்த கப்பல்’ என்று. அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை.

நான் கலிஃபோர்னியாவில், லாங் பீச்சில் இருக்கிறேன். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு சமீபத்தில் கேட்டலினா தீவுக்குப் போயிருந்தோம். ஒரு மணி நேரப் படகுப் பயணம். அங்கே அருங்காட்சியகத்தில் அந்த வெள்ளைக் கப்பலின் பழைய படங்களைப் பார்த்தேன். 1924 முதல் 1975 வரை ஓடியிருக்கிறது. இரண்டரைக் கோடிப் பேரை ஏற்றிச் சென்றது என்கிறார்கள். அது மெக்சிகோவில் சேற்றில் சாய்ந்து கிடந்து, 2009இல் துண்டு துண்டாக வெட்டப்பட்டது. எங்கள் ஊர்க் கரையிலேயே குவீன் மேரி நிற்கிறது. ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பலைக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள், தங்கள் ஊரிலேயே கட்டிய கப்பலை இப்படி விடலாமா? இதற்குத் துரோகம் என்றல்லவா பெயர்?

அப்பா துறைமுகத்தில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் அசரவே இல்லை. “இரும்புக் கப்பலுக்கு இருபத்தஞ்சு, முப்பது வருஷந்தாம்மா ஆயுசு. அம்பது வருஷம் ஓடுனதே பெரிசு” என்கிறார். யார் சொல்வது சரி?

ர., லாங் பீச்

அன்புள்ள ர.,

கப்பலின் ஆயுளைப் பற்றி உங்கள் அப்பா சொல்வது சரி. உப்புத் தண்ணீர் இரும்பைச் சும்மா விடாது. ஆனால் உங்கள் கோபத்துக்கு அது பதிலாகாது. ஏன் உடைத்தார்கள் என்பதை விட்டுவிட்டு, அந்தக் கப்பலை முதலில் யார், எதற்காக ஓட்டினார்கள் என்று பார்த்தால் நான் எழுதிய வரி ஏன் அப்படி இருந்தது என்று புரியும்.

தீவிலிருந்து தொடங்குகிறேன். கரையிலிருந்து ஏறத்தாழ 22 மைல் தள்ளி இருக்கும் தீவு. அதில் ஊர் என்று சொல்லத்தக்கது அவலான் ஒன்றுதான். 1892இல் பானிங் சகோதரர்கள் மூவர் அந்தத் தீவை வாங்கினார்கள். அவர்களுடைய அப்பா ஃபினியாஸ் பானிங்தான் வில்மிங்டன் ஊரை நிறுவி அங்கே துறைமுகத்தை வளர்த்தவர். குடும்பத்தின் கையில் வில்மிங்டன் டிரான்ஸ்போர்ட்டேஷன் கம்பெனி என்ற கப்பல் கம்பெனி இருந்தது. ஆக, தீவும் அவர்களுடையது, தீவுக்குப் போகிற கப்பலும் அவர்களுடையது. இது எவ்வளவு வசதியான நிலைமை என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுக்காரரே தெருவுக்கும் சொந்தக்காரர்.

அவலானில் குடியிருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. கரையிலுள்ள சான் பெட்ரோவிலிருந்து அவலானுக்கு வாங்கும் கட்டணம் நியாயமற்றது என்று, போக்குவரத்துக் கட்டணங்களைக் கவனிக்கும் கலிஃபோர்னியா ரயில்வே கமிஷனிடம் மனுக் கொடுத்தார்கள். அதற்குக் கம்பெனி சொன்ன பதில் ரசிக்கத்தக்கது. எங்கள் கப்பல் நடுக்கடலைத் தாண்டிப் போகிறது. நடுக்கடல் கலிஃபோர்னியாவுக்குச் சொந்தமில்லை. ஆகவே மாநில கமிஷன் எங்கள் கட்டணத்தில் தலையிட முடியாது என்றது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1915இல் தீர்ப்பு வந்தது. புறப்படும் இடமும் போய்ச் சேரும் இடமும் ஒரே மாநிலத்தில் இருக்கின்றன, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனியாகச் சட்டம் போடாதவரை கமிஷன் தலையிடலாம் என்றார்கள். அதே ஆண்டு நவம்பர் 29ஆம் தேதி அவலானில் தீப்பிடித்து ஊரில் ஏறக்குறைய பாதி எரிந்துபோனது. முதல் உலகப் போர் வேறு. பானிங் குடும்பத்தால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1919இல் தீவை விற்றார்கள்.

வாங்கியவர் வில்லியம் ரிக்லி. சூயிங் கம் விற்றுக் கோடீஸ்வரரான சிகாகோக்காரர். தீவை நேரில் பார்க்காமலேயே வாங்கினார் என்பார்கள். கப்பல் கம்பெனியும் தீவோடு சேர்ந்து அவர் கைக்கு வந்தது. அவரிடம் ஏற்கனவே இரண்டு கப்பல்கள் இருந்தன. ஒன்று 1904இல் பானிங்குகள் கட்டிய கப்ரில்லோ. இன்னொன்று மிச்சிகன் ஏரியில் வர்ஜீனியா என்ற பெயரில் ஓடிக்கொண்டிருந்து, இங்கே வந்து அவலான் என்று பெயர் மாறியது. அது 1891இல் கட்டியது. இரண்டும் போதவில்லை என்றுதான் கேட்டலினா வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகத்திலேயே கட்டினார்கள். செலவு சுமார் 10 லட்சம் டாலர். 300 அடிக்குச் சற்று மேல் நீளம். ஏறக்குறைய 1,950 பேர் ஏறலாம். 1924 மே மாதம் கடலில் இறக்கி, ஜூன் 30ஆம் தேதி முதல் பயணம்.

தொடக்க காலத்தில் போய்வரக் கட்டணம் 2 டாலர் 25 சென்ட். பத்து லட்சம் போட்டுக் கட்டிய கப்பலுக்கு இது கட்டுப்படியாகும் கட்டணமா என்று கேட்டால், அந்தக் கேள்வியே தப்பு. நம் ஊரில் சில கல்யாண மண்டபக்காரர்கள் மண்டப வாடகையைக் குறைத்துவிட்டு, “சமையல் மட்டும் எங்க ஆளுதான்” என்பார்கள். ரிக்லியின் கணக்கும் அதுதான் என்று நினைக்கிறேன். இறங்கிய பயணி தங்குகிற ஓட்டல் அவருடையது. கண்ணாடி அடித்தளம் போட்ட படகில் ஏறி மீன் பார்த்தால் அதுவும் அவருடையது. 1929இல் கரையோரம் வட்டமாக எழுப்பிய கேசினோ கட்டடம், அதன் மேல்தளத்து நடன அரங்கு, கீழ்த்தளத்துத் திரையரங்கு, எல்லாம் அவருடையவை. அவருடைய பேஸ்பால் அணியான சிகாகோ கப்ஸ் 1921 முதல் வசந்தகாலப் பயிற்சிக்கு அவலானுக்கே வந்தது. பத்திரிகைக்காரர்கள் பின்னாலேயே வந்தார்கள், செலவில்லாமல் விளம்பரம் ஆனது. கப்பல் தீவுக்கு வாசற்படி. வாசற்படியில் யாரும் லாபம் பார்ப்பதில்லை.

பயணம் எப்படி இருந்தது என்று படங்களில் பார்த்திருப்பீர்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குள் ஏறினால் பசிஃபிக் எலெக்ட்ரிக் கம்பெனியின் சிவப்பு டிராம் நேராக வில்மிங்டன் கப்பல்துறை வரை கொண்டுவந்து விடும். இறங்கி நடந்தால் கப்பல். கார் வைத்திருக்க வேண்டியதில்லை. தையற்காரியும் டைப்பிஸ்டும் பள்ளி வாத்தியாரும் வர முடிந்தது அதனால்தான். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் பயணம். கப்பலிலேயே நடனத்தளம், வாத்திய கோஷ்டி, குழந்தைகளுக்குக் கோமாளியும் மந்திரவாதியும். அவலான் விரிகுடாவை நெருங்கும்போது விசைப்படகுகள் எதிரே வந்து கப்பலைச் சுற்றும். ஊர்ப் பையன்கள் நீந்தி வந்து கப்பலடியில் மிதந்துகொண்டு காசு போடச் சொல்லிக் கத்துவார்கள். மேல்தளத்திலிருந்து ஒரு நிக்கல், அதாவது ஐந்து சென்ட் காசு, விழும். ஐந்தாறு தலைகள் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் மறையும். எடுத்தவன் மேலே வந்து காசைக் காட்டிவிட்டுக் கன்னத்துக்குள் அடக்கிக்கொள்வான், இரண்டு கையும் நீந்த வேண்டுமே. மாலையில் கப்பல் கிளம்பும்போது மேல்தளத்துக்கும் கரைக்கும் நடுவே வண்ணக் காகிதச் சுருள்கள் பறக்கும். இவ்வளவும் தினசரி நடந்த நாடகம். நடத்தியது ஒரே முதலாளி.

இரண்டரைக் கோடி என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லா இடத்திலும் இதையே எழுதுகிறார்கள். உலகிலேயே வேறெந்தக் கப்பலும் இவ்வளவு பேரை ஏற்றியதில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் ஆண்டுகளைக் கழித்தால் சுமார் 47 வருடம். வருடத்துக்கு 5 லட்சத்து 30 ஆயிரம் பேர். கோடையில் நான்கு மாதம் மட்டும் ஓடியது என்று வைத்தால் தினம் 4,400 பேர். போக 1,950, வர 1,950 என்று இரண்டு தடவை எண்ணினாலும், ஒரு நாள்கூட ஓர் இடம் காலியில்லாமல் போயிருந்தாலும், ஒரு நடையில் அந்தக் கணக்கு வராது. கூடுதல் மாதங்கள் ஓடியிருக்க வேண்டும், அல்லது நடைகள் கூடியிருக்க வேண்டும். உலக சாதனை என்பதை நான் நம்பவில்லை. நியூயார்க்கில் ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெரியின் பெரிய படகுகளில் ஒன்றில் ஒரு தடவைக்கே 6,000 பேர் ஏறலாம், அதுவும் நாள் முழுக்க, வருடம் முழுக்க. கேட்டலினாவுக்கு இந்தப் பட்டம் தேவையுமில்லை.

நான் நம்பும் எண் வேறொன்று இருக்கிறது: 8,20,199. அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியதும் தீவுக்குச் சுற்றுலா நின்றுவிட்டது. 1942 ஆகஸ்டில் ராணுவம் கப்பலை எடுத்துக்கொண்டு, எஃப்.எஸ்.99 என்று எண் போட்டு, சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குக் கொண்டுபோனது. பசிஃபிக் போர்முனைக்குப் போகிற பெரிய கப்பல்கள் நிற்கும் துறைகளுக்கு வீரர்களை ஏற்றிச் செல்வதுதான் வேலை. தலையை எண்ணி ஏற்றிய ராணுவ எழுத்தர்களின் கணக்கு அது, கடைசி 199 வரை எழுதி வைத்திருக்கிறார்கள். கடலைத் தாண்டாமலே இத்தனை பேர். நடனத்தளத்தில் அன்று மூட்டை முடிச்சோடு நின்றவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்களோ. 1946இல் கப்பல் திரும்பவும் வெள்ளை பூசிக்கொண்டு தீவுக்கு ஓடத் தொடங்கியது.

ஆனால் திரும்பி வந்த உலகம் வேறு. ரிக்லி 1932இலேயே இறந்துவிட்டார். போருக்குப் பிந்திய தெற்குக் கலிஃபோர்னியாவில் ஆளுக்கொரு கார். 1951இல் அவலான் கப்பல் நின்றது. கப்ஸ் அணியும் அதே ஆண்டோடு தீவுக்கு வருவதை நிறுத்தியது. 1955இல் அனஹைமில் டிஸ்னிலேண்ட் திறந்தது, காரை வாசல் வரை ஓட்டிக்கொண்டு போகலாம், குமட்டலும் கிடையாது. 1958இல் கப்பல்துறைக்கு வந்துகொண்டிருந்த சிவப்பு டிராம் நின்றது. என்னைக் கேட்டால் கப்பலின் கால் ஒடிந்தது அன்றைக்குத்தான். 2,000 பேரை ஒரே நேரத்தில் ஒரே கப்பல்துறைக்குக் கொண்டுவந்து இறக்க டிராமை விட்டால் ஆள் கிடையாது.

1960 வாக்கில் ரிக்லி குடும்பம் கப்பலை விற்றது. உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இந்த விற்பனையில்தான் இருக்கிறது. அதுவரை தீவின் வாசற்படியாக இருந்தது, அன்றிலிருந்து தனித்த ஒரு வியாபாரமாக ஆனது. புதிய முதலாளிக்கு ஓட்டல் இல்லை, கேசினோ இல்லை. டிக்கெட் காசுதான் வருமானம். அந்தக் காசில் எரிபொருள், சம்பளம், தண்ணீரிலிருந்து ஏற்றிப் பழுதுபார்க்கும் டிரைடாக் செலவு எல்லாம் பார்க்க வேண்டும்.

அப்பாவிடம் கேளுங்கள், அவர் இதை என்னைவிட நன்றாகச் சொல்வார். கேட்டலினாவில் இருந்தவை மும்மடங்கு விரிவு நீராவி என்ஜின்கள் இரண்டு. கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் சிறிய சிலிண்டரில் வேலை செய்து, அழுத்தம் குறைந்து அதைவிடப் பெரிய சிலிண்டருக்குப் போய், அங்கிருந்து இன்னும் பெரிய சிலிண்டருக்குப் போகும். ஒரே நீராவியை மூன்று தடவை பிழிந்தெடுப்பது. அபாரமான ஏற்பாடு. அதிர்வில்லாமல் ஓடும். ஆனால் பத்து மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் அதற்கு வெகுநேரம் முன்பே கொதிகலனை எழுப்ப வேண்டும். கப்பல் ஓடினாலும் நின்றாலும் அடுப்படியில் ஒரு ஆள், என்ஜினில் ஒரு ஆள், எண்ணெய் விட ஒரு ஆள் என்று முறைபோட்டு நிற்க வேண்டும். பயணிகள் 1,900 பேர் வந்தாலும் 300 பேர் வந்தாலும் கீழே இருக்கிறவர்கள் அதே எண்ணிக்கை. பக்கத்திலேயே டீசல் படகுக்காரர் சாவியைத் திருகிக் கிளப்பிக்கொண்டு போகிறார். கூட்டம் இருந்தால் இன்னொரு படகை இறக்குவார், இல்லாவிட்டால் கட்டிப்போடுவார். கடல் விமானங்கள் வேறு வந்துவிட்டன. கோடையில் சில மாதச் சம்பாத்தியத்தில் வருடம் முழுக்க ஒரு நீராவிக் கப்பலைப் பராமரிப்பது யாராலும் முடியாது. தொழிலாளர் தகராறுகளும் சேர்ந்துகொண்டன. 15 வருடம் இழுத்ததே ஆச்சரியம்தான். 1975இல் நின்றது.

அந்த 1975ஆம் ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் ரிக்லி குடும்பம் தீவின் 88 சதவீதத்தை, 42,135 ஏக்கரை, கேட்டலினா ஐலண்ட் கன்சர்வன்சி என்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தது. நீங்கள் மலைமேல் காட்டெருமைகளைப் பார்த்திருந்தால் அது அந்த நிலத்தில்தான். அமெரிக்கர்கள் எதையும் காப்பாற்றவில்லை என்று சொல்ல வராது. தீவைக் காப்பாற்றினார்கள். இரண்டாயிரம் பேரை ஒரே மூச்சில் கொண்டுவந்து கொட்டும் கப்பலுக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றை விட்டார்கள். எனக்கும் கப்பல் பிடிக்கும்தான், ஆனால் நிலத்தையா கப்பலையா என்று என்னைக் கேட்டிருந்தால் நானும் நிலத்தைத்தான் சொல்லியிருப்பேன்.

கப்பலை யாரும் மதிக்கவில்லை என்பதும் உண்மையில்லை. 1976இல் வரலாற்று இடங்களின் தேசியப் பட்டியலில் சேர்த்தார்கள். கலிஃபோர்னியா மாநிலமும் 894 என்று எண் கொடுத்து வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. பட்டியலில் சேர்த்தவர்கள் பெயின்ட் அடிக்கப் பணம் தரவில்லை, அவ்வளவுதான். 1977இல் கப்பலை ஏலம் விட்டபோது ஹைமி சிங்கர் என்ற ரியல் எஸ்டேட்காரர் 70,000 டாலருக்கு எடுத்தார். மனைவிக்குக் காதலர் தினப் பரிசு. வேடிக்கையான செய்தி என்று எல்லாரும் எழுதினார்கள். பரிசை நிறுத்த இடம் வேண்டாமா? 300 அடிக் கப்பல். துறை வாடகை, காவல், காப்பீடு. சான்டா மோனிக்காவிலும் நியூபோர்ட் பக்கத்திலும் லாங் பீச்சிலும் மாற்றி மாற்றி நிறுத்தினார்கள். நங்கூரத்தை இழுத்துக்கொண்டு நகர்ந்து கடலோரக் காவல்படைக்கு வேலை வைத்தது. 1985இல் எல்லை தாண்டி மெக்சிகோவின் என்செனாடா துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். உணவகம், மது விடுதி என்று ஏதோ கொஞ்ச நாள் நடந்தது. 1997 வாக்கில் தண்ணீர் புகுந்து ஒருபக்கம் சாய்ந்து தரை தட்டியது. மீட்க வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் ஒரு குழு வருடக்கணக்காக முயன்றது. பிறகு 2009.

கடைசி 32 வருடத்தைத்தான் நீங்கள் துரோகம் என்கிறீர்கள் என்று தெரிகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில் துரு தெரிந்தால் அன்றே சுரண்டிப் பூசுவார்கள், ஏனென்றால் நாளைக்குக் கிளம்ப வேண்டும். நிறுத்திய கப்பலில் அந்த ‘நாளைக்கு’ கிடையாது. அப்பா இதற்கும் சாட்சி சொல்வார்.

குவீன் மேரியைச் சொன்னீர்கள். 1967இல் லாங் பீச் நகராட்சி அதை 34 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு வாங்கியது. கடலோர எண்ணெய்க் கிணற்று வருமானம் கையில் இருந்தது. அந்தக் கப்பலும் சுகமாக இல்லை. 2017இல் வெளியான ஆய்வு, பழுதுபார்க்க 23 கோடியே 50 லட்சம் டாலரிலிருந்து 28 கோடியே 90 லட்சம் டாலர் வரை ஆகும் என்றது. 2020இல் மூடி 2023இல்தான் மறுபடி திறந்தார்கள். எண்ணெய்க் காசு இருந்த ஒரு நகராட்சியே இப்படித் திணறுகிறது என்றால், கேட்டலினாவை வாங்கிய தனிமனிதரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

நீங்கள் ஒப்பிட வேண்டிய கப்பல் குவீன் மேரி அல்ல, ஸ்காட்லாந்தின் வேவர்லி. கிளைட் ஆற்று முகத்தில் பியூட் தீவின் ரோத்சே போன்ற கோடை வாசஸ்தலங்களுக்குக் கிளாஸ்கோ தொழிலாளர் குடும்பங்களை ஏற்றிப்போன சக்கரக் கப்பல், பக்கவாட்டுச் சக்கரங்கள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் வகை. பழைய வேவர்லி இரண்டாம் உலகப் போரில், 1940இல், பிரான்ஸின் டன்கர்க்கில் மூழ்கியது. அதற்குப் பதிலாக 1946இல் இதைக் கட்டி 1947இல் விட்டார்கள். சொந்தக்காரர் ரயில்வே கம்பெனி. ரயிலில் வந்து இறங்கிக் கப்பலில் ஏற வேண்டியது, அங்கேயும் அதே ஏற்பாடுதான். கார் வந்ததும் அங்கேயும் அதே கதைதான். 1974இல் அப்போதைய சொந்தக்காரரான கப்பல் கம்பெனி கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி ஒரே ஒரு பவுண்டுக்குச் சக்கரக் கப்பல் ஆர்வலர் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நினைவுச் சின்னமாகக் கரையில் கட்டிவைப்பார்கள் என்றுதான் கொடுத்தவர்கள் எதிர்பார்த்தார்கள். சங்கத்துக்காரர்கள் அடுத்த மே மாதமே டிக்கெட் போட்டு ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். அந்த ஆண்டும் 1975தான்.

அன்றிலிருந்து அது ஓடிக்கொண்டேயிருக்கிறது. கடலில் பயணிகளை ஏற்றும் சக்கரக் கப்பல்களில் உலகிலேயே மிஞ்சியது அது ஒன்றுதான். கொதிகலன்கள் போய்விட்டன என்று 2019இல் ஒரு பருவம் முழுக்க நின்றது. 23 லட்சம் பவுண்டு தேவைப்பட்டது. ஸ்காட்லாந்து அரசு 10 லட்சம் கொடுத்தது, மீதியைப் பெரும்பாலும் பொதுமக்கள் போட்டார்கள். 2020 ஆகஸ்டில் புதிய கொதிகலன்களோடு கிளம்பி, அடுத்த மாதமே ஒரு துறைமேடையில் மோதிப் பலருக்குக் காயம். ஓடுகிற கப்பல் மோதவும் செய்யும், அதைச் சரிபார்த்து மறு வருடம் விட்டார்கள். கேட்டலினாவில் பாதிகூடக் கொள்ளாத கப்பல். ஒரு சங்கம் சுமந்துகொள்வதற்கு அந்தச் சிறிய அளவு தோதாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கேட்டலினாவை இதுபோல ஒரு சங்கம் 1975இல் எடுத்திருந்தாலும் சில வருடங்களுக்கு மேல் ஓட்டியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

அப்பாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளுமானால் ஒரு கோடையில் கிளாஸ்கோ அழைத்துப் போங்கள். வேவர்லியின் பயணிகள் தளத்தில் நடைபாதையை ஒட்டியே என்ஜின் இருக்கிறது. கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று, மூன்று சிலிண்டரும் சாய்வாகக் கிடந்து சக்கரத்தைச் சுற்றுவதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கிருந்து அவரை நகர்த்துவது உங்கள் பாடு.

அன்புடன்